நீ வைத்த நேரம்

இன்று காலை ஷட்டரைத் தூக்கினேன். உள்ளே இருட்டு.

வேறு யாரிடமாவது சொன்னால், பூட்டியிருந்த கடை இருட்டாகத்தானே இருக்கும் என்று சிரிப்பார்கள். உனக்கு மட்டும்தான் புரியும். நம் கடைக்குள் காலையில் இருட்டு இருந்ததே இல்லை. நான் வருவதற்கு முன்பே உன் கம்பியூட்டர் எழும்பியிருக்கும். ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு வரும்போதே சிமெந்துத் தரையில் அந்த நீல வெளிச்சம் தெரியும். குடையை மடக்கி மூலையில் சாய்த்துவிட்டு "வந்துட்டேண்டி" என்பேன். நீ இருந்தபோதும் அதைத்தான் சொன்னேன். நீ போய் இரண்டு வருஷமாகியும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று வாய் வரவில்லை. பனியில் நனைந்த செருப்போடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

நேற்று நான் அதற்கு நல்லது செய்வதாக நினைத்து ஒரு காரியம் செய்தேன். அதில் உன் கை வைத்துவிட்டுப் போனது அழிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்த மடல். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

அது முதன்முதலாகத் தானாக எழும்பிய நாள் ஞாபகம் இருக்கிறதா? ஹாலிஎல ஸ்டேஷனுக்குப் போகும் பாதையில், நாம் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனின் ஹோட்டலை ஒட்டி, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும் வைத்த இந்த அறையை நாம் வாடகைக்கு எடுத்த புதிது. நான் கடிதம் அடிப்பேன், படிவம் நிரப்புவேன், போட்டோ கொப்பி எடுப்பேன். நீ மிஷின் பழுது பார்ப்பாய். கொழும்பில் ஒரு கம்பியூட்டர் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கப் போன நீ, அங்கேயே வேலையையும் கற்றுக்கொண்டு வந்திருந்தாய். தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டாவது பஸ்ஸில் வந்து நான் கடை திறப்பேன். அம்மா படுக்கையில் இருந்ததால் நாலு மணி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுவேன். நீ பத்து மணிக்கு மேல் ஆடி அசைந்து வருவாய், இருட்டும் வரை இருந்து பூட்டுவாய். இதுதான் நம் ஏற்பாடு.

காலையில் அரசாங்கக் காரியமாகப் பதுளை கச்சேரிக்குப் போகிறவர்கள் என் கடை வாசலில் காத்திருப்பார்கள். நம் மிஷினோ எழும்ப ஒரு யுகம் எடுக்கும். ஈரக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அதைத் திட்டுவேன். "எழும்பு மூதேவி! சனம் நிக்குது பாரு வெளில! சோத்துக்கும் தண்டம், கரண்டுக்கும் தண்டம்!" நீ வந்ததும் உன்னையும் திட்டுவேன். உன் மிஷின், உன் லட்சணம் என்று. நீ ஸ்க்ரூ டிரைவரைக் காதில் சொருகிக்கொண்டு சிரிப்பாய்.

பிறகு ஒருநாள் ஷட்டரைத் தூக்குகிறேன், உள்ளே வெளிச்சம். கள்ளன்தான் புகுந்துவிட்டான் என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடை நானா கையில் ரொட்டிக் கரண்டியோடு ஓடி வந்தார். உள்ளே ஒரு ஈ எறும்பு இல்லை. மிஷின் மட்டும் எழும்பி உட்கார்ந்து, சரஸ்வதி படம் போட்ட திரையைக் காட்டிக்கொண்டிருந்தது. நீ பத்து மணிக்கு வந்து, கதையைக் கேட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய்.

"உன் வாய்க்குப் பயந்துதாண்டி அது முன்னாடியே எழும்பிருது."

எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். நீ சொல்லவில்லை. "அது எனக்கும் அதுக்கும் உள்ள ரகசியம். நீ பண்ண வேண்டியது ஒண்ணுதான். மின்னலுக்கு பிளக்கைக் கழட்டினா திரும்ப மாட்டிட்டுப் போ. சுவத்து சுவிச்சை மட்டும் நிப்பாட்டிட்டுப் போயிராத." அதற்குப் பிறகு நான் கேட்கவும் இல்லை. தினம் விடிவதை யாராவது ஏன் என்று கேட்கிறார்களா?

ஆயுத பூசைக்குத்தான் நமக்குச் சண்டை வரும். தோட்டத்தில் அன்றைக்குக் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக்கூடக் கழுவிப் பொட்டு வைத்துச் சாமி முன்னால் படுக்கவைப்பார்கள். லொறி ஓடாது, பெக்டரி மிஷின் ஓடாது. நம் கடையிலும் முந்தின நாளே நீ மிஷினின் மூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசி தட்டி, காற்றடித்து, துணியால் துடைத்து வைப்பாய். நான் சந்தனமும் குங்குமமும் வைத்து, பிச்சிப்பூ மாலை போட்டுவிட்டுப் போவேன். மறுநாள் காலை பொங்கலும் சுண்டலும் எடுத்துக்கொண்டு வந்து ஷட்டரைத் தூக்கினால், மாலையும் கழுத்துமாக அது விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏண்டி, இன்னைக்கு ஒருநாளாவது அதைத் தூங்க விட மாட்டியா? சாமி குத்தம்டி!"

"சாமிக்குத்தான் லீவு, அதுக்கு லீவு இல்ல. உன்னைப் பாக்கணும்ல அதுக்கு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் பூசைக்கு முந்தின நாள் பிளக்கை நானே கழற்றிவிட்டுப் போகத் தொடங்கினேன். நீ சுண்டலை மென்றுகொண்டே, "பாவம்டி அது" என்பாய்.

பிறகு உன் நோய் வந்தது. முதலில் பதுளை, அப்புறம் கொழும்பு, பிறகு திரும்பவும் பதுளை. மருந்து ஏற்றி ஏற்றி உன் முடி கொட்டியது. நீ மெலிந்து மெலிந்து உன் தம்பியின் பழைய ஸ்வெட்டருக்குள் காணாமல் போய்க்கொண்டிருந்தாய். நான் மத்தியானத்தோடு கடையைப் பூட்டிவிட்டு வார்டுக்கு வருவேன். கடையில் யார் என்ன மிஷின் கொண்டுவந்தார்கள், அதற்கு என்ன கோளாறு என்று நீ கேட்பாய். நான் உளறுவதை வைத்துக்கொண்டே, "ரெம்மை, அந்த மெமரிப் பலகையைக் கழட்டி அழிறப்பரால துடைச்சுப் பாரு" என்று படுத்தபடியே வைத்தியம் சொல்வாய். அந்த ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்க நான் பழகியது அப்படித்தான். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

கடைசியாக நீ கடைக்கு வந்த நாளை நான் மறக்கவில்லை. உன் தம்பிதான் த்ரீ வீலரில் கூட்டிக்கொண்டு வந்தான். தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு, உன் ஸ்டூலில் உட்கார்ந்து, மூச்சு வாங்கினாய். மிஷினின் மேல் கையை வைத்தாய்.

"போய் ஒரு பிளேன்டீ வாங்கிட்டு வா. சீனி தூக்கலா."

"உனக்குச் சீனி ஆகாதுடி."

"வாங்கிட்டு வாடின்னா. மெதுவா வா. ஓடி வந்து விழுந்து தொலைக்காத."

அதனிடம் நீ தனியாகப் பயணம் சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன். நானாவின் அடுப்படியில் நின்று மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன். நான் வரும்போது திரையில் எப்போதும் போல சரஸ்வதி. நீ சால்வை முனையால் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாய். டீயை ஒரு மிடறு குடித்துவிட்டுத் தள்ளி வைத்தாய்.

"இனி ரெண்டு பேர் வேலையையும் நீதான் பாக்கணும். முதல் பஸ்ல வரப் பழகிக்க. அம்மாவைப் பாத்துக்கக் காலைல ஆரையாவது வெச்சுக்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "வாயைக் கழுவு! நீ வந்து உன் வேலையைப் பாரு. எனக்கென்ன தலையெழுத்தா முதல் பஸ்ல வர?" என்று கத்தினேன். நீ சிரித்தாய். பல் மட்டும்தான் அன்றைக்கு உன்னிடம் பழையபடி இருந்தது.

உன் மரண அறிவித்தலை அடிக்க எனக்குக் கை வரவில்லை. ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் அடித்துக் கொடுத்த கை. பதுளையில் வேறு கடையில் அடித்துக்கொண்டு வந்தார்கள். நான் அழவும் இல்லை. பெண்களெல்லாம் உன்னைச் சுற்றி உட்கார்ந்து மாரடித்தபோது நான் வருகிறவர்களுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்நெஞ்சுக்காரி என்று உன் அத்தை என் காதுபடச் சொன்னாள்.

கருமாதி முடிந்த மறுநாள், நீ சொன்னபடியே, முதல் பஸ்ஸில் வந்தேன். அதுவரை பூட்டிக் கிடந்த கடையை முந்தின நாள்தான் உன் தம்பி வந்து கூட்டித் துடைத்து, பிளக்கை மாட்டிவிட்டுப் போயிருந்தான். உள்ளே ஒன்றும் இருக்காது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஷட்டரைத் தூக்கினேன். தரையில் நீல வெளிச்சம். "வந்துட்டேண்டி" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. அப்புறம்தான் அழுதேன். தேயிலைக் கொழுந்து மூட்டை சரிவது போல அப்படியே தரையில் சரிந்து, உன் ஸ்டூலின் காலைக் கட்டிக்கொண்டு, நானா வந்து தூக்கும் வரைக்கும் அழுதேன். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நேற்று, இந்த வருஷம் ஒரு நாள் முன்னதாகவே, ஆயுத பூசைத் துப்புரவு. உன்னைப் போலவே மூடியைக் கழற்றினேன், தூசி தட்டினேன், துடைத்தேன். வெளியே குளிப்பாட்டியாயிற்று, உள்ளேயும் குளிப்பாட்டுவோம் என்று தோன்றியது. மதர்போர்டுக்குள்ளேயே குடியிருக்கும் அந்தச் சின்ன மென்பொருள், பயோஸ் என்பாயே, அதற்குப் புதியது வந்திருக்கிறது என்று திரையில் கொஞ்ச நாளாக அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. தீபாவளிக்கு லயத்து வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி, பூசைக்கு அதற்கும் ஒரு புதுச்சட்டை என்று நினைத்தேன், போ. உன் பேச்சை மீறவும் இல்லை. "பயோஸ்ல கை வைக்கிறதுன்னா காலைல வை. பின்னேரம் இடி இடிச்சு நடுவுல கரண்ட் போச்சுன்னா போர்டு செத்துரும்" என்று நீ சொன்னது காதிலேயே இருந்தது. வெயில் வந்த காலை, மேகம் இல்லாத வானம், யூபிஎஸ் நிறைய சார்ஜ். பென் டிரைவில் ஏற்றி, கும்பிட்டுவிட்டு, தொடங்கினேன். கோடு ஊர்ந்து ஊர்ந்து முழுதாய் நிறைந்தது. தானே நின்று தானே எழும்பப் போனது.

எழும்பவில்லை. காற்றாடி சுற்றும், நிற்கும், திரும்பச் சுற்றும். திரை கறுப்பு.

கொன்றுவிட்டேனே, உன் மிஷினை நானே கொன்றுவிட்டேனே என்று புலம்பினேன். அப்போது வார்டில் நீ சொன்னது வந்தது. "கறுப்பா இருந்தா செத்துருச்சுன்னு முடிவு பண்ணாத. உள்ள யோசிச்சிட்டு இருக்கும். ஒரு பிளேன்டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் தொடாத." உன் கடைசி ராத்திரியில், நீ கண்ணை மூடிக் கிடந்தபோது, நான் இதைத்தான் திரும்பத் திரும்ப எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே யோசித்துக்கொண்டிருக்கிறாய் என்று. விடிந்தும் நீ எழும்பவில்லை. ஆனாலும் நேற்று நானாவிடம் டீ வாங்கிக் குடித்து முடித்தேன். கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

சரி என்று உன் வழிக்கு வந்தேன். "எல்லாத்தையும் கழட்டு. ஒண்ணை மட்டும் மாட்டு." பிரின்டரைக் கழற்றினேன், ஸ்கேனரைக் கழற்றினேன். ரெம் இரண்டையும் எடுத்து, பொன் நிறப் பல்லை அழிறப்பரால் துடைத்து, ஒன்றை மட்டும் மாட்டினேன். கறுப்பு. பிளக்கைப் பிடுங்கி, போர்டில் சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கும் அந்தப் பெட்டரியைக் கழற்றி, பட்டனை அமுக்கிப் பிடித்து, பொறுத்திருந்து, திரும்ப மாட்டினேன். "பீப்" என்றது. எழுத்து வந்தது!

பயோஸுக்குள்ளே போனேன். அங்கே மேலே ஓரமாய்த் திகதி. ஜனவரி முதலாம் திகதி, நாம் அந்த போர்டை வாங்கிய வருஷம். நீ கொழும்பிலிருந்து இரவு ரயிலில், அதை உன் ஸ்வெட்டரால் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, ஸ்வெட்டர் இல்லாமல் நடுங்கி நடுங்கி வந்து இறங்கிய வருஷம். அந்த மிஷினின் கணக்கில் நீ இருக்கிறாயடி. இன்னும் நோய் வரவில்லை. பத்து மணிக்கு ஆடி அசைந்து வரப்போகிறாய்.

வாசலில் யாரோ போட்டோ கொப்பிக்குக் கூப்பிட்டார்கள். "பொறுங்க!" என்று கத்தினேன். பாவம், யாரோ. பிறகு திருத்தத் தொடங்கினேன். ஒரு தரம் அமுக்கினால் ஒரு வருஷம் கூடும். ஒவ்வொன்றாகக் கூட்டினேன். நீ நோயில் விழுந்த வருஷம் வந்தது, தாண்டினேன். நீ போன வருஷம் வந்தது. அதில் என் விரல் நின்றுவிட்டது. அதையும் தாண்டினேன்.

அதற்குப் பிறகும் அது வழிக்கு வரவில்லை. விண்டோஸைக் காணோம் என்றது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு பழைய ஆட்களை மறந்துவிட்டது. பழைய முறையில் தொடங்கு என்று ஒரு வரியைத் தேடிப் பிடித்து மாற்றினேன். அப்புறம் சரஸ்வதி வந்தாள். நான் துள்ளி எழும்பி, "எழுப்பிட்டேண்டி! நானே எழுப்பிட்டேன்!" என்று உன் ஸ்டூலைப் பார்த்துக் கத்தினேன். போட்டோ கொப்பிக்கு வந்த மனுஷன் பயந்துபோய்விட்டான்.

அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்குப் போனேன். இன்று காலை இருட்டு.

சுவர் சுவிச் போட்டபடிதான் இருந்தது. பட்டனை அமுக்கினேன், நல்ல பிள்ளையாய் எழும்பியது. அதற்கு ஒரு குறையும் இல்லை. தானாக எழும்பத்தான் மறந்துவிட்டது. கொழும்பில் வேலை செய்யும் உன் தம்பியைப் போனில் பிடித்தேன்.

"அக்கா, பயோஸ் மாத்தி, பெட்டரியையும் கழட்டினா அதுல வெச்சிருந்த பழைய செட்டிங் எல்லாம் அழிஞ்சிரும்க்கா. எங்க அக்கா வெச்ச எழும்புற நேரமும் போயிருக்கும். அது ஒண்ணும் பெரிய வேலை இல்ல, இப்பவே வெச்சிரலாம். நான் சொல்றபடி போங்க."

போனேன். அந்த இடத்துக்கு வந்தேன். மணி, நிமிஷம் என்று கட்டங்கள். எல்லாம் வெறும் பூச்சியம். உன் ரகசியம் இத்தனை சின்ன இடத்தில்தான் இருந்திருக்கிறது.

"எத்தனை மணிக்கு எழும்பணும்க்கா? எங்க அக்கா எத்தனைக்கு வெச்சிருந்திச்சு?"

எனக்குத் தெரியவில்லை. ஒருநாளும் நான் அதற்கு முன்னால் வந்ததில்லை. எப்போதும் அதுதான் எனக்கு முன்னால். நீ விட்டுப்போன ஒன்றை அழித்தேன், அது என்னவென்றுகூட எனக்குத் தெரியவில்லை. "அப்புறம் எடுக்கிறேன்ப்பா" என்று போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நானா எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, இண்டைக்கு மிஷின் நேரத்துக்கு எழும்பல்லயா? விடியக்கால சத்தமே வரல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்குக் கேக்குமா நானா?"

"கேக்காம? பலகைக்கு அந்தப் பக்கந்தானே நான் மா குழைக்கிற. 'பீப்'புன்னு ஒண்டு கேக்கும், ஆறேகாலுக்கு. அதக் கேட்டுத்தான் நான் அடுப்பப் பத்த வெக்கிற." அவர் கையிலிருந்த மாவைத் தட்டினார். "முந்தியெல்லாம் ஏழு மணி தாண்டித்தான் வரும். அந்தப் புள்ள கடைசியா தம்பியோட வந்து போச்சே, அதுக்குப் பொறகுதான் ஆறேகாலுக்கு வரத் தொடங்கின. நீங்க ரெண்டு பேரும் பேசித்தான் மாத்தினீங்கன்னு நெனச்சேன்."

ஏண்டி. ஏண்டி இப்படிச் செய்தாய்?

முதல் பஸ் ஹாலிஎலைக்கு வருவது ஆறரைக்கு. கருமாதிக்கு மறுநாள் அதில் வந்தபோதும் வெளிச்சம் எனக்கு முன்னால் இருந்ததே. பிளேன்டீக்கு என்னை அனுப்பிவிட்டு, சீனி தூக்கலாக, மெதுவாக வா என்று அனுப்பிவிட்டு, நிமிர்ந்து உட்கார முடியாத உடம்போடு நீ செய்தது அதுதானா? நீ இல்லாத காலையில், நான் முதல் பஸ்ஸில் தனியாக வந்து, இருட்டுக்குள் ஷட்டரைத் தூக்கக் கூடாது என்று. நான் உன் மேல் கத்திக்கொண்டிருந்தேன், எனக்கென்ன தலையெழுத்தா என்று. நீ சிரித்தாய். ஏற்கெனவே வைத்து முடித்துவிட்டுத்தான் சிரித்திருக்கிறாய்.

நானா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "அழுவாதீங்க தங்கச்சி, மிஷின்தானே, செஞ்சிக்கலாம்" என்றார். அந்த மனுஷனுக்கு நான் எதைச் சொல்ல?

ஆறு, பதினைந்து என்று வைத்தேன். உன் தம்பியைத் திரும்பக் கூப்பிட்டு, அவன் சொன்னபடி சேமித்தேன். இனி அது எழும்புவது என் கையால்தான், அதை மாற்ற முடியாது. உன் விரல் அமுக்கியது போய்விட்டது, நீ போன மாதிரியே. ஆனால் நேரம் உன்னுடையது. அதை நானா எனக்குத் திருப்பிக் கொடுத்தார்.

இதை அதே மிஷினில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். கடையில் ஆள் இல்லாத மத்தியானம், இன்றைக்கு இடியும் இல்லை. அடித்து முடித்ததும் சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டும், பிச்சிப்பூ மாலை ஈரத்துணியில் சுற்றியிருக்கிறது. நாளை ஆயுத பூசை. வருஷா வருஷம் போல இப்போது நான் பிளக்கைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும்.

கழற்றப் போவதில்லை. சாமி கோபித்தால் நான் பேசிக்கொள்கிறேன். நாளை லீவு நாளானாலும் சுண்டலை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வருவேன்.